தாமிரபரணிப் படுகையின் கல்லூரிக் கூடைப்பந்து: விருப்ப ஆட்டங்களும் எதிரணித் தேர்வும்

ஒரு கல்லூரி விளையாட்டு அணி ஓராண்டில் ஆடும் ஆட்டங்கள் இரண்டு வகைப்படும். பல்கலைக்கழகமோ லீக் அமைப்போ வகுத்துத் தரும் ஆட்டங்கள் முதல் வகை. அவற்றில் எதிரணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அணிக்கு இல்லை. அணி தானாக ஒப்புக்கொள்ளும் அழைப்புப் போட்டிகளும் நட்பு ஆட்டங்களும் இரண்டாம் வகை. இக்கட்டுரையில் முதல் வகை கட்டாய ஆட்டம் என்றும், இரண்டாம் வகை விருப்ப ஆட்டம் என்றும் குறிக்கப்படுகின்றன.

பெரும் நிதியும் பெயரும் இல்லாமல், தன் வட்டாரத்தில் மட்டும் முன்னணியில் நிற்கும் அணியை நடுத்தர அணி எனலாம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை உள்ளிட்ட தாமிரபரணிப் படுகைக் கல்லூரிகளின் கூடைப்பந்து அணிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நடுத்தர அணி தன் நிலையிலிருந்து மேலே செல்ல விருப்ப ஆட்டங்களே முக்கியமான வழி. அந்த ஆட்டங்கள் எந்த அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்படுகின்றன, அந்த அளவுகோல் சரியானதா என்பவை விவாதத்துக்குரியவை.

பின்னணி

கூடைப்பந்து 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம். அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகக் கூடைப்பந்து தமிழகத்தின் பள்ளி, கல்லூரி வளாகங்களுக்குள் பரவியது. 1878-ல் கல்லூரியான தூய யோவான் கல்லூரி, 1895-ல் தொடங்கிய சாராள் தக்கர் மகளிர் கல்லூரி, 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி என நீண்ட வரலாறுள்ள நிறுவனங்கள் பாளையங்கோட்டையில் அருகருகே இருக்கின்றன.

தாமிரபரணிப் படுகையின் ஊர்ப்புற விளையாட்டுகள் கபடியும் கைப்பந்தும். இவற்றுக்கு ஊர்ப் பொட்டலும் சில விளக்குகளும் போதும். கோயில் கொடையையும் பொங்கலையும் ஒட்டி நடக்கும் இரவுப் போட்டிகளில் ஒரு கபடி வீரர் எந்த நிறுவனத்தின் உதவியும் இல்லாமல் பல ஆட்டங்களை ஆடிவிட முடியும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, பின்னர் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் இப்பகுதியின் சிற்றூரிலிருந்து வந்தவர்.

கூடைப்பந்துக்கு அந்த வசதி இல்லை. அதற்குச் சமதளமான சிமென்ட் தளமும், உறுதியான பலகையும் வளையமும் தேவை. இவை பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மதில்களுக்குள்ளும் மாவட்ட விளையாட்டரங்கிலும் மட்டுமே உள்ளன. ஆகவே ஒரு கூடைப்பந்து மாணவர் மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆட்டங்கள் ஆடுகிறார், யாருக்கு எதிராக ஆடுகிறார் என்பதைக் கல்லூரியின் அட்டவணையே முடிவுசெய்கிறது. அட்டவணை தவறினால் அந்த மாணவருக்கு வேறு போக்கிடம் குறைவு.

அமெரிக்க முறை

விருப்ப ஆட்டங்களைத் தேர்வதைத் தனிக் கலையாகவே வளர்த்த நாடு அமெரிக்கா. அங்கே முதல் நிலைக் கல்லூரி அணிகள் முப்பதுக்கும் மேற்பட்ட லீக்குகளாகப் பிரிந்துள்ளன. நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரும்பாலும் தங்கள் விருப்பப்படி எதிரணிகளைத் தேடி ஆடுகின்றன. அதன் பிறகு சொந்த லீக் ஆட்டங்கள். மார்ச் மாதம் 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு லீக்கின் வெற்றியாளருக்கும் அதில் நேரடி இடம் உண்டு. மீதி இடங்களுக்கு ஒரு தேர்வுக்குழு அணிகளைப் பொறுக்கி எடுக்கிறது.

இந்தத் தேர்வில் எத்தனை ஆட்டங்களில் வென்றார்கள் என்பதோடு யாருடன் ஆடினார்கள் என்பதும் கணக்கில் வரும். 1981 முதல் பல்லாண்டுகள் பயன்பட்ட ஆர்.பி.ஐ. என்ற குறியீட்டில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு மட்டுமே மதிப்பு. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 விழுக்காடும், அந்த எதிரணிகள் சந்தித்த அணிகளின் வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடும் தரப்பட்டன. 2018-ல் இதற்குப் பதிலாக நெட் என்ற தரவரிசை வந்தது. அதை ஒட்டி ஒவ்வொரு வெற்றியும் நான்கு அடுக்குகளில் ஒன்றில் வைக்கப்படுகிறது. சொந்த அரங்கில் முதல் 30 இடங்களுக்குள் இருக்கும் அணியை வென்றால் அது முதல் அடுக்கு வெற்றி. எதிரணியின் அரங்கில் என்றால் முதல் 75 இடங்களுக்குள் உள்ள அணியை வென்றாலே அந்த மதிப்பு கிடைக்கும். வெளியூரில் வெல்வது கடினம் என்பது விதியிலேயே ஏற்கப்பட்டுள்ளது.

நடுத்தர அணிகளின் சிக்கலை 2016-ஆம் ஆண்டின் இரண்டு அணிகள் காட்டின. செயின்ட் மேரிஸ் அணி 27 ஆட்டங்களில் வென்று 5-ல் மட்டுமே தோற்றிருந்தது. ஆனால் அதன் விருப்ப ஆட்டங்களில் வலுவான எதிரணிகள் குறைவு என்று கருதப்பட்டு, தேசியப் போட்டியில் இடம் கிடைக்கவில்லை. மான்மத் அணி எதிர்த்திசையில் சென்றது. யு.சி.எல்.ஏ., ஜார்ஜ்டவுன் ஆகிய பெரிய அணிகளை அவற்றின் ஊரிலேயே வென்றது. நோட்ரடேம், யு.எஸ்.சி. அணிகளைப் பொது அரங்கில் வென்றது. ஆயினும் தரவரிசையில் மிகவும் பின்தங்கிய மூன்று அணிகளிடம் தோற்றதாலும், தன் லீக்கின் இறுதி ஆட்டத்தில் தோற்றதாலும் அதற்கும் இடம் மறுக்கப்பட்டது. எளிய எதிரணிகளைத் தேடினாலும் ஆபத்து. கடினமான எதிரணிகளைத் தேடிச் சென்று, இடையில் சறுக்கினாலும் ஆபத்து.

இதே முறையில் உயர்ந்த அணியும் உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 2.29 லட்சம் மக்கள் வாழும் ஸ்போகேன் நகரின் கொன்சாகா அணி, வலுவான அணிகளை எங்கு சென்றும் சந்திக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் கைக்கொண்டது. 1999 முதல் தேசியப் போட்டியில் தொடர்ந்து இடம்பெற்று, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் இறுதி ஆட்டத்தை எட்டியது. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை 4.7 லட்சத்தைத் தாண்டியிருந்தது என்பதை இதனுடன் ஒப்பிடலாம். ஊரின் அளவு மட்டும் ஓர் அணியின் உயரத்தைத் தீர்மானிப்பதில்லை.

நெல்லையின் கட்டாய ஆட்டங்கள்

இந்தியாவில் கல்லூரி அணியின் லீக் என்பது அது இணைந்துள்ள பல்கலைக்கழகம். திருநெல்வேலியின் கலை, அறிவியல் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதனுடன் இணைந்தன. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபின் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பகுதிகளின் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன.

கல்வி நிர்வாகத்துக்கு இந்த மாற்றம் நன்மை செய்தது. விளையாட்டில் அதன் பக்கவிளைவு அதிகம் பேசப்படுவதில்லை. 1990-க்கு முன் மதுரையின் அமெரிக்கன் கல்லூரியும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளும் ஒரே பல்கலைக்கழகத்தின் உறுப்புகள். இன்று மதுரை அணியைச் சந்திக்க வேண்டுமானால் அது விருப்ப ஆட்டமாக மட்டுமே இருக்க முடியும். லீக்கின் எல்லை சுருங்கியபோது விருப்ப ஆட்டங்களின் தேவை கூடியது. ஆனால் அதற்கேற்ற திட்டம் எதுவும் கூடவே உருவாகவில்லை.

இன்னொரு பிரிவினை ஊருக்குள்ளேயே நிகழ்ந்தது. 1981-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அரசு சட்டக் கல்லூரி அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. உடற்கல்விக் கல்லூரிகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் உண்டு.

அமெரிக்காவில் லீக்குகள் நிலப்பரப்பையும் பழைய உறவுகளையும் ஒட்டி உருவானவை. நெல்லையில் லீக்கைப் பட்டத்தின் பெயர் பிரிக்கிறது. ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரியும் கலைக் கல்லூரியும் பல்கலைக்கழகப் போட்டிகளில் சந்திப்பதே இல்லை. பள்ளி நாட்களில் ஒரே அணியில் ஆடிய இருவர், ஒருவர் பி.இ. படிப்பிலும் மற்றவர் பி.காம். படிப்பிலும் சேர்ந்த நாளிலிருந்து வெவ்வேறு உலகங்களின் வீரர்கள் ஆகிவிடுகிறார்கள். மாநில அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டி கல்லூரிப் பிரிவில் இந்த வேலியை மாவட்ட அளவில் தாண்டுகிறது. ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்களில் முடிந்துவிடும் போட்டி.

ஒரு தோல்வியில் முடியும் பருவம்

பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியை ஒட்டிப் பல்கலைக்கழக அணி தேர்வாகிறது. அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்குச் செல்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து இப்போட்டிகளை நடத்துகிறது. தென்மண்டலத்தில் தமிழ்நாட்டுடன் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களின் பல்கலைக்கழகங்களும் ஆடுகின்றன. தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட் முறையில் நடக்கும். கடைசியில் எஞ்சும் நான்கு அணிகள் தங்களுக்குள் லீக் முறையில் ஆடி, அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும்.

அமெரிக்கத் தேர்வுக்குழுவைப் போன்ற ஒன்று இங்கு இல்லை. ஆண்டு முழுவதும் யாரை வென்றாலும் அது தென்மண்டலப் போட்டியின் அட்டவணையில் கணக்காகாது. முதல் சுற்றிலேயே வலுவான அணி எதிரே வந்து, ஒரு நாள் காலையில் 40 நிமிட ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டு அங்கேயே முடிந்தது.

எதிரே வரும் அணிகளின் கட்டமைப்பும் வேறானது. எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஒரே வளாகத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்து பயிலும் அணியோடு களம் இறங்க முடிகிறது. இணைப்புக் கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகம் அப்படிச் செய்ய முடியாது. அது பல கல்லூரிகளிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, குறுகிய முகாமில் ஒன்றுசேர்க்க வேண்டும். யார் எந்தப் பக்கம் வெட்டி ஓடுவார், யாருக்கு எந்த உயரத்தில் பந்தைக் கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் சில நாட்களில் உருவாகாது.

இதில் பணயமாக இருப்பது கோப்பை மட்டும் அல்ல. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழக அணிக்காக ஆடியதற்கான படிவம் 3 சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 3 விழுக்காடு. அழைப்புப் போட்டிகளில் பெறும் சான்றிதழ்களுக்கு அந்த இடம் இல்லை. சிற்றூரிலிருந்து வந்து கூடைப்பந்தை நம்பி மூன்று ஆண்டுகள் செலவிடும் மாணவருக்கும் மாணவிக்கும் பல்கலைக்கழக அணியில் இடம் பெறுவதும், அங்கே கவனிக்கப்படும்படி ஆடுவதும் வாழ்க்கைப் பிரச்சினை.

அழைப்புப் போட்டிகள்

தமிழகத்தில் கூடைப்பந்துக்கு வலுவான அழைப்புப் போட்டி மரபு உண்டு. தேனி மாவட்டம் பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அரை நூற்றாண்டைக் கடந்தது. கோயம்புத்தூரின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை இன்னொன்று. இவற்றில் வங்கி, ரயில்வே, படைத்துறை அணிகள் ஆடுகின்றன. கல்லூரிகளுக்கானவற்றில் சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் நினைவுப் போட்டி புகழ்பெற்றது. இவை தவிர, கல்லூரிகள் தங்கள் நிறுவனர் பெயரிலோ விழா ஆண்டை ஒட்டியோ நடத்தும் சிறிய போட்டிகள் பல உள்ளன.

ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநருக்கு ஆண்டு முழுவதும் அழைப்புக் கடிதங்கள் வருகின்றன. எதை ஏற்பது என்பது பயணப்படி, தினப்படி, தங்குமிடம், தேர்வுக் கால அட்டவணை, ஓ.டி. அனுமதி ஆகியவற்றைப் பொறுத்து முடிவாகிறது. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்ற விதியும் குறுக்கே நிற்கிறது. அழைப்பு வந்த வரிசையே அட்டவணையாக மாறிவிடுவது இயல்பு.

நடைமுறையின் குறைகள்

முதல் குறை, கோப்பையை அளவுகோலாகக் கொள்வது. ஆண்டுவிழா அறிக்கையில் வென்ற கோப்பைகள் பட்டியலிடப்படும். தோற்ற ஆட்டங்களுக்கு அதில் இடமில்லை. இதனால் வெல்லக்கூடிய சிறிய போட்டிகளை நோக்கி அணி இழுக்கப்படுகிறது. செயின்ட் மேரிஸ் அணி செய்ததாகச் சொல்லப்பட்ட தவறு இதுவே. அங்கே அந்தத் தவறுக்குத் தண்டனை உடனே, மார்ச் மாதத்தில், எல்லோரும் பார்க்கக் கிடைத்தது. இங்கே தண்டனை தென்மண்டலப் போட்டியின் முதல் சுற்றில் கிடைக்கிறது. அதற்கும் அட்டவணைக்கும் உள்ள தொடர்பை யாரும் கவனிப்பதில்லை. எதிரணி வலுவானது, குலுக்கலில் வாய்ப்பு இல்லை என்று விளக்கம் சொல்லப்பட்டு அடுத்த ஆண்டும் அதே அட்டவணை தொடர்கிறது.

இரண்டாவது குறை, போட்டியின் பெயரைப் பார்த்துப் பயணம் செய்வது. 16 அணிகள் ஆடும் நாக்-அவுட் போட்டியில் மொத்தம் 15 ஆட்டங்கள் நடக்கும். ஓர் அணிக்குச் சராசரியாக 2 ஆட்டங்கள்கூட இல்லை. 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பும். திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். இரவு முழுவதும் ரயிலில் சென்று, மறுநாள் 40 நிமிடங்கள் ஆடித் தோற்று, மீண்டும் இரவு ரயிலில் திரும்பும் அணி இரண்டு நாள் வகுப்பையும் பன்னிரண்டு பேரின் செலவையும் கொடுத்து ஒரே ஆட்டத்தை வாங்குகிறது. அந்த ஆட்டத்திலும் மூன்றாம் ஆண்டு மாணவர்களே பெரும்பாலும் களத்தில் இருப்பார்கள். அடுத்த ஆண்டு அணியைச் சுமக்க வேண்டிய முதலாண்டு மாணவர் பெஞ்சில் உட்கார்ந்து திரும்புவார். லீக் முறையில் தொடங்கும் அழைப்புப் போட்டிகளும் உண்டு. அழைப்பை ஏற்கும்முன் பரிசுத்தொகையை விட, குறைந்தது எத்தனை ஆட்டங்கள் உறுதி என்பதைக் கேட்பதே பயனுள்ள கேள்வி.

மூன்றாவது குறை, காலம். பெரியகுளம் போன்ற பெரிய போட்டிகள் கோடை விடுமுறையில் நடக்கின்றன. அப்போது இறுதியாண்டு மாணவர்கள் கல்லூரியை விட்டுப் போயிருப்பார்கள். புதியவர்கள் சேர்ந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை திறந்தவெளி சிமென்ட் தளங்களை நனைத்து மாலைப் பயிற்சியைக் கெடுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்தில் நெல்லையும் தூத்துக்குடியும் முழுவதும் முடங்கின. கடைசி நேரப் பயிற்சியை நம்பும் அணி வானத்தை நம்புகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலைக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழை பெய்தாலும் பாளையங்கோட்டைச் சமவெளி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். விருப்ப ஆட்டங்களுக்கு உகந்த இந்த மூன்று மாதங்கள் திட்டமிட்டுப் பயன்படுத்தப்படுவதில்லை.

மாற்று வழிகள்

அமெரிக்க முறையை அப்படியே இங்கு கொண்டுவருவது பொருந்தாது. அங்கே எதிரணித் தேர்வு தேர்வுக்குழுவின் கண்ணில் படுவதற்காகவும் செய்யப்படுகிறது. பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்துச் சிறிய அணிகளைத் தங்கள் அரங்குக்கு வரவழைப்பதும் உண்டு. இங்கே கண்ணில் படுவதற்குக் குழு இல்லை. அந்த இல்லாமையில் ஒரு சுதந்திரமும் இருக்கிறது. விருப்ப ஆட்டத்தில் தோற்றால் நெல்லை அணிக்கு எந்தத் தரவரிசையும் குறையாது. ஆகவே ஒவ்வொரு விருப்ப ஆட்டத்தையும் கற்பதற்காக மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். மான்மத் அணிக்குக் கிடைக்காத வசதி இது.

முதல் வழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. கலை, பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை எனப் பல்கலைக்கழகங்களால் பிரிந்த கல்லூரிகளில் 6 அணிகள் சேர்ந்து ஜூலை முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமை மாலைகளில் ஒரு சுற்று லீக் ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வோர் அணிக்கும் 5 ஆட்டங்கள் உறுதி. நகரப் பேருந்துக் கட்டணம் தவிரப் பயணச் செலவு இல்லை. இரவுத் தங்கலும் இல்லை. மகளிர் அணிகளுக்கு இது கூடுதல் பயன் தரும். வெளியூர்ப் பயணத்துக்குத் துணை ஆசிரியை, பாதுகாப்பான தங்குமிடம், வீட்டு அனுமதி என ஒவ்வொன்றும் தடையாக நிற்கும் நிலையில், மாலை ஏழு மணிக்குள் வீடு திரும்பக்கூடிய ஆட்டங்களே ஒரு மாணவியின் ஆட்ட எண்ணிக்கையை உண்மையில் உயர்த்தும்.

இரண்டாவது வழி மேற்கே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். மதுரைக்கும் ஏறத்தாழ அதே தூரம். கோயம்புத்தூரும் சென்னையும் இதைவிட மிகத் தொலைவு. கேரளம் கூடைப்பந்தில், குறிப்பாக மகளிர் பிரிவில், நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்று. தென்மண்டலப் போட்டியில் எதிரே வரப்போகும் ஆட்டப் பாணியும் அங்கே பழகக் கிடைக்கும். நாகர்கோவில் வழியாக வெள்ளிக்கிழமை சென்று, இரண்டு நாட்களில் 3 நட்பு ஆட்டங்கள் ஆடி, ஞாயிறு இரவு திரும்பலாம். கோப்பை கிடைக்காது. மரத்தளம் உள்ள உள்ளரங்கு, எதிரே 24 வினாடிக் கடிகாரம், பழகாத நடுவர்கள், எதிரணிக்குக் கைதட்டும் கூட்டம் ஆகியவை கிடைக்கும். சிமென்ட் தளத்தில் கடிகாரம் இல்லாமல் பழகிய அணி, 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற நெருக்கடியைத் தென்மண்டலப் போட்டியில் முதல்முறையாகச் சந்திக்கக் கூடாது.

மூன்றாவது வழி வலுவான அணிகளை ஊருக்கு வரவழைப்பது. இதற்கு முன்மாதிரி அருகிலேயே உண்டு. தாமிரபரணிக்கு வடக்கே கரிசல் நிலத்தில் உள்ள கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. ரயில்வே, கடற்படை, வங்கி அணிகள் அங்கு வந்து ஆடுகின்றன. உள்ளூர்ச் சிறுவர்கள் இந்திய அணி வீரர்களின் ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்து வளர்கிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி ஆகியோர் 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். ஒரு போட்டி மட்டுமே வீரர்களை உருவாக்கிவிட்டது எனச் சொல்ல முடியாது. பள்ளிப் பயிற்சியும், விடுதியும், செயற்கைப் புல்தளமும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆயினும் சிறிய ஊர் ஒன்று பெரிய அணிகளைத் தேடிப் போகாமல் தன்னிடம் வரவைக்க முடியும் என்பதைக் கோவில்பட்டி ஹாக்கியிலும் பெரியகுளம் கூடைப்பந்திலும் காட்டியுள்ளன. இவ்விரண்டு ஊர்களையும் விடப் பெரிய நகரமும், பல கல்லூரிகளும், அண்ணா விளையாட்டரங்கும் கொண்டது பாளையங்கோட்டை.

எதிர்வாதங்கள்

வலுவான அணிகளிடம் தொடர்ந்து தோற்றால் மாணவர்களின் ஊக்கம் குலையும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் நியாயமான அச்சம். நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் ஆட்டத்தில் கற்பதற்கு அதிகம் இல்லை என்பதும் உண்மை. இதற்கு விடை எதிரணிகளைக் கலந்து தேர்வதில் இருக்கிறது. 12 விருப்ப ஆட்டங்கள் இருந்தால் 4 வெல்லக்கூடியவை, 4 சமநிலையானவை, 4 தோற்கக்கூடியவை என்று பிரிக்கலாம். வெல்லக்கூடிய ஆட்டங்களில் முதலாண்டு மாணவர்களைக் களமிறக்கலாம். சமநிலை ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிடங்களை நடத்தப் பழகலாம். தோற்கக்கூடிய ஆட்டங்கள் அணியின் ஓட்டைகளைக் காட்டும்.

அந்த ஓட்டைகளைக் காண ஸ்கோர் தாளில் மொத்தப் புள்ளிகள் மட்டும் இருந்தால் போதாது. பந்தை எத்தனை முறை பறிகொடுத்தார்கள், ரீபவுண்டில் எத்தனை தவறின, எத்தனை ஃப்ரீ த்ரோ வீணானது, எந்தக் கால்பகுதியில் அணி தளர்ந்தது என்ற நான்கு கணக்குகளை ஒரு மாணவர் நோட்டில் குறித்துவந்தாலே போதும். ஆறு ஆட்டங்களுக்குப் பின் பயிற்சியில் எதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது அந்த நோட்டிலிருந்து தெரியும். இக்கணக்கு இல்லாத தோல்வி வெறும் தோல்வியாகவே முடியும்.

நிர்வாகங்கள் கோப்பையைத்தான் மதிக்கும், கோப்பை இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு நிதி கிடைக்காது என்பது இரண்டாவது எதிர்வாதம். இது எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. ஆனால் ஊருக்குள் லீக் நடத்த ஆகும் செலவு ஒரு சென்னைப் பயணத்தின் செலவை விடக் கூடாது. அந்த லீக்கிற்கும் ஒரு சுழற்கோப்பை வைக்க முடியும். ஆண்டறிக்கையில் கோப்பைகளுக்கு அருகில், எத்தனை மாணவர்கள் எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார்கள் என்ற இரண்டு எண்களைச் சேர்த்தால் நிர்வாகம் பார்க்கும் அளவுகோலும் மெல்ல மாறும்.

மூன்றாவது எதிர்வாதம், கல்லூரி அணி எவ்வளவு முன்னேறினாலும் தென்மண்டலத்தில் ஆடுவது பல்கலைக்கழகத்தின் கலவை அணிதானே என்பது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதுவே மிகக் கடினமான கேள்வி. ஊர் லீக்கில் வேறு பல்கலைக்கழக அணிகளும் ஆடுவதால், அதன் பயன் முழுவதும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராது. ஆனால் தேர்வாகும் பன்னிரண்டு பேரும் ஏற்கெனவே கடினமான பத்து ஆட்டங்களை ஆடி வந்திருந்தால், குறுகிய முகாமின் நேரத்தை அடிப்படைகளில் செலவிட வேண்டியதில்லை, ஒருங்கிணைப்புக்குத் தரலாம். தேர்வான அணியையே பருவமழைக்கு முன் திருவனந்தபுரத்துக்கு ஒருமுறை அனுப்புவது இன்னும் நல்லது. அதற்குப் பல்கலைக்கழகத்தின் போட்டிகள் ஆகஸ்டிலேயே முடிய வேண்டும். அந்த மாற்றம் கல்லூரிகளின் கையில் இல்லை.

மதிப்பீடு

தாமிரபரணிப் படுகையின் கல்லூரிக் கூடைப்பந்து பின்தங்கியதற்கு உயரமான வீரர்கள் இல்லாமை, உள்ளரங்கு இல்லாமை, நிதி இல்லாமை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவை உண்மையான குறைகள். இவற்றைத் தீர்க்கப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். அட்டவணையை மாற்ற இரண்டும் வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் சில உடற்கல்வி இயக்குநர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து நாட்காட்டியைப் பிரித்தால் போதும்.

அமெரிக்க நடுத்தர அணிகளிடமிருந்து கற்க வேண்டியது குறியீடுகளையும் அடுக்குகளையும் அல்ல. யாருடன் ஆடுகிறோம் என்பதை வெற்றி தோல்வியைப் போலவே முக்கியமான முடிவாக அவை கருதுகின்றன. வரும் அழைப்புக்கெல்லாம் அவை தலையாட்டுவதில்லை. நெல்லையில் அந்த முடிவு இன்னும் தபாலில் வரும் கடிதங்களிடம் விடப்பட்டுள்ளது. மூன்று ஆண்டுகள் மட்டுமே கல்லூரியில் இருக்கும் ஒரு மாணவருக்கு, சரியான எதிரணி ஒரு தெரு தள்ளியே இருந்தும் அவருடன் ஆடாமல் பட்டம் பெற்றுப் போவது இழப்பு. அந்த இழப்பு எந்த ஆண்டறிக்கையிலும் பதிவாவதில்லை.